தீனபந்து ஆண்ட்ரூஸ்: இடம்விட்டு நின்ற நண்பர்

திருக்குறளில் நட்பைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் அமைந்துள்ளன. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்னும் அவற்றுள் மேடைகளில் மிகுதியாகப் பேசப்படுவது முதலாவது. மிகக் குறைவாகப் பேசப்படுவது பழைமை. நெடுநாள் நண்பர் உரிமையால் இழைத்த பிழையைப் பொறுத்தல் அவ்வதிகாரத்தின் கருப்பொருள். தேர்வில் அதிலிருந்து வினா வருவது அரிது என்பதாலோ என்னவோ, வகுப்பறையில் நாம் அதனை விரைந்து கடந்துவிடுகிறோம். பழைமைக்கு ஓர் உரைபோல் அமைந்த நிகழ்ச்சி ஒன்று, தமிழே அறியாத ஓர் ஆங்கிலக் குடும்பத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது.

பர்மிங்ஹாம் நகரில் வாழ்ந்த ஜான் எட்வின் ஆண்ட்ரூஸ் ஒரு சிறு திருச்சபையின் போதகர். பிள்ளைகள் நிறைந்த வீடு. இல்லத்தரசிக்குப் பிறந்த வீட்டுவழி வந்த சொத்து ஒன்றே அக்குடும்பத்தின் பொருளாதாரப் பிடிப்பு. அதனைக் காத்துத் தரும் பொறுப்பு போதகரின் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் இருந்தது. அந்த நண்பர் அதனைச் சூதாட்டம் போன்ற வாணிகத்தில் போட்டு முற்றும் அழித்துவிட்டார். செய்தி வந்த நாளில் குடும்ப வழிபாடு வழக்கம்போல் நடந்தது. துரோகம் செய்த நண்பரைக் கடவுள் மன்னிக்க வேண்டும், அவர் மனம் திரும்ப வேண்டும் என்று தந்தை மனமுருகி வேண்டினார். தம் குடும்பத்துக்கு வந்த இழப்பைக் காட்டிலும் நண்பரின் வீழ்ச்சியே அவரை வருத்தியது. அதன்பின் அக்குடும்பம் நகரின் எளிய பகுதி ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. அந்த வேண்டுதலைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவனே பிற்காலத்தில் தீனபந்து என்று இந்தியா அழைத்த சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ். நியூகாசில் நகரில் 12-2-1871 அன்று பிறந்தவர். 1932-இல் வெளிவந்த தம் ஆன்மிக வரலாற்று நூலில் இந்நிகழ்ச்சியை அவர் பதிவு செய்துள்ளார். கிறித்துவம் என்பதன் பொருளைத் தாம் முதலில் கற்ற இடங்களுள் ஒன்றாகவே அவர் அதனைக் கருதினார் என்று அந்நூலைப் படிப்பவர் உணரலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவருக்குக் கிடைத்த உயிர் நண்பர் பேசில் வெஸ்ட்காட். டர்ஹாம் பேராயரும் சிறந்த விவிலிய அறிஞருமான வெஸ்ட்காட்டின் மகன் அவர். டெல்லியில் கேம்பிரிட்ஜ் மறைப்பணிக் குழுவில் பணியாற்றச் சென்ற பேசில், 1900-இல் அங்கேயே காலரா நோய்க்கு இரையானார். நண்பர் விட்டுச் சென்ற வெற்றிடத்தைத் தாமே சென்று நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் ஆண்ட்ரூஸின் நெஞ்சில் அன்றே வேரூன்றிவிட்டது.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிநாட்டிலிருந்து வந்து உடன் உயிர்நீத்த பிசிராந்தையாரைத் தமிழுலகம் நட்பின் உச்சியாகப் போற்றுகிறது. அது தகும். ஆயினும் நண்பரோடு இறத்தல் ஒருவகை என்றால், நண்பர் முடிக்காமல் விட்ட வேலையை எடுத்துக்கொண்டு நாற்பதாண்டு வாழ்தல் மற்றொரு வகை. இரண்டாவது எளிதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. 1904-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று ஆண்ட்ரூஸ் இந்திய மண்ணில் கால் வைத்தார். அந்த நாளைத் தம் இரண்டாம் பிறந்தநாளாகவே அவர் பின்னாளில் கொண்டாடினார்.

டெல்லி தூய ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த அவருக்கு, இந்திய வாழ்வைக் கற்றுத்தந்த ஆசிரியர் சுசீல் குமார் ருத்ரா என்னும் வங்காளக் கிறித்தவர். 1886 முதல் அக்கல்லூரியில் பணியாற்றி வந்தவர்; அமைதியானவர்; மனைவியை இழந்தவர். அவருடைய இல்லத்தில் ஆண்ட்ரூஸ் உறவினர்போல் பழகினார். 1906-இல் கல்லூரி முதல்வர் பதவி காலியாயிற்று. இருபதாண்டு அனுபவம் உடைய ருத்ரா இருக்க, வந்து இரண்டே ஆண்டுகளான ஆண்ட்ரூஸை அப்பதவியில் அமர்த்த மேலிடத்தில் விருப்பம் இருந்தது. இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கில ஆசிரியர்கள் பணியாற்றுவது எங்ஙனம் என்பதும், ஆங்கிலேயர் தலைமை இல்லாவிடில் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்களா என்பதும் அவர்களின் ஐயம்.

ஆண்ட்ரூஸ் அப்பதவியை ஏற்க மறுத்தார். ருத்ராவே முதல்வராக வேண்டும் என்றும், அவ்வாறு நடவாவிடில் தாம் பணியிலிருந்து விலகுவது உறுதி என்றும் தெரிவித்தார். ருத்ரா முதல்வரானார். அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவரே. 1923 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே பணியாற்றினார். நண்பருக்காக உயிரைத் தருவதைப் பற்றிப் பேசுவோர் பலர். நண்பருக்காக நாற்காலியைத் தருவோர் எத்தனை பேர் என்று கல்வி நிறுவனங்களின் நடைமுறை அறிந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம். உயிரைக் கேட்கும் தருணம் வாழ்வில் ஒருமுறையேனும் வருவது அரிது. நாற்காலியைக் கேட்கும் தருணமோ ஆண்டுதோறும் வருகிறது.

இந்நிகழ்ச்சியின் முழுப்பொருளை உணர நான்காண்டு கழித்து எடின்பரோவில் நடந்த ஒன்றை உடன்வைத்துக் காண வேண்டும். 1910-இல் அங்கே உலக மறைப்பணி மாநாடு கூடியது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா, அப்போது முப்பத்தைந்து வயதினர், அம்மாநாட்டில் உரையாற்றினார். மேனாட்டு இறைத்தொண்டர்களின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கும் இந்தியத் திருப்பணியாளர்களுக்கும் இடையே முதலாளி வேலையாள் உறவு நிலவுகிறதே அன்றி, நட்பு இல்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். அவர் கேட்டது நிதியோ ஆள்பலமோ அன்று, நண்பர்கள். அவையில் பலருக்கு அது கசந்தது. அசரியா 1912-இல் தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரை இனிப் பணியாளர் என அழையாது நண்பர் என அழைப்பதாகக் கூறும் பகுதி உண்டு. அதனை நாள்தோறும் ஓதியவர்களிடம் ஒரு தமிழர் நட்பைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அந்த வேண்டுகோள் எழுவதற்கு முன்பே அதற்குரிய விடையைத் தம் செயலால் தந்தவர் ஆண்ட்ரூஸ்.

டெல்லியில் அவருக்கு வாய்த்த மற்றொரு நண்பர் முன்ஷி ஜகாவுல்லா. முதியவர், இசுலாமிய அறிஞர், பழைய டெல்லியின் பண்பாட்டைத் தம் நினைவில் சுமந்திருந்தவர். அவர் காலடியில் அமர்ந்து ஆண்ட்ரூஸ் பலநாள் கேட்டார். ஜகாவுல்லா 1910-இல் இறக்கும்வரை இறைப்பற்று மிக்க இசுலாமியராகவே வாழ்ந்தார். ஆண்ட்ரூஸ் அவரை மதம் மாற்ற முயலவில்லை. 1929-இல் அவரது வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். மறைப்பணிக்கு வந்தவர் இசுலாமியரின் இறைப்பற்றைப் போற்றி நூலெழுதுவதா என்று திருச்சபைக்குள் முகம் சுளித்தோர் இருந்திருக்கலாம். தன்னலமற்ற நட்பு என்று சொல்கிறோமே, அதன் கடினமான தேர்வு இவ்விடத்தில்தான் இருக்கிறது. பொருளாசை இல்லாத நட்பு அரிதன்று. நண்பரைத் தம் வழிக்கு இழுக்கும் ஆசையும் இல்லாத நட்பே அரிது.

1912-இல் இலண்டனில் ஓவியர் ரோதன்ஸ்டைன் இல்லத்தில் கவிஞர் ஏட்சு கீதாஞ்சலியின் ஆங்கில வடிவத்தைப் படிக்கக் கேட்டு ஆண்ட்ரூஸ் உள்ளம் நெகிழ்ந்ததும், தாகூரின் அன்பராகிப் பின்னர்ச் சாந்திநிகேதனையே தம் இல்லமாகக் கொண்டதும் பலரும் அறிந்தவை. அவற்றை விரித்தெழுதத் தேவையில்லை. அவர் வாழ்வைத் திருப்பியது அடுத்த ஆண்டு நடந்த போராட்டம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கே தங்க விரும்பினால் தலைக்கு ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி. 1913 அக்டோபரில் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளரைக் கிளர்ந்தெழச் செய்தவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள். ஆண்ட்ரூஸ் பிறந்த ஊரின் பெயரும் நியூகாசில். அதுவும் நிலக்கரிக்குப் பெயர்போனது. இந்த ஒற்றுமையை வரலாற்றின் விளையாட்டு என்றே கொள்ளலாம்.

கோகலே நாடெங்கும் நிதி திரட்டினார். டெல்லியில் அவரைச் சந்தித்த ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் தந்தார். பின்னர்த் தம்மையும் தந்தார். டபிள்யூ. டபிள்யூ. பியர்சன் என்னும் நண்பருடன் கப்பலேறி, 1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். வரவேற்க வந்திருந்தோரில் காந்தி யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போராட்டத்தில் மாண்டோருக்குத் துக்கம் காத்துத் தலை மழித்து, முரட்டு வெள்ளாடை உடுத்து நின்றவரைச் சுட்டிக்காட்டினர். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளையர் ஒருவர், அதுவும் குருப்பட்டம் பெற்றவர், கூலிகளின் தலைவர் காலில் விழுவதா என்று கொதித்தனர். நாளிதழ் ஆசிரியர் ஒருவர் அவரை அழைத்து, நேட்டாலில் அத்தகைய வழக்கம் இல்லை என்று கண்டிக்கவும் செய்தார்.

காந்திக்கும் ஸ்மட்ஸுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடந்த நாள்களில் ஆண்ட்ரூஸ் தூதுவராய் அலைந்தார். ஜனவரியில் இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு நடுவில் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறி, மூன்று பவுன் வரி ஒழிந்தது. அதே ஜனவரியில் இங்கிலாந்தில் அவருடைய தாய் காலமானார். நோயுற்றிருந்த தாயை அவர் கடைசியாகக் காணவில்லை. சிறையில் நோயுற்று விடுதலையான தில்லையாடி வள்ளியம்மை இறந்ததும் அடுத்த மாதமாகிய 1914 பிப்ரவரியில்தான். அப்போராட்டத்தின் விலை இருபுறத்துக் குடும்பங்களிலும் வாங்கப்பட்டது.

அன்று தொடங்கிய நட்பில் ஆண்ட்ரூஸ் காந்தியை மோகன் என்று அழைத்தார். காந்தி அவரைச் சார்லி என்று அழைத்தார். காந்தியைப் பெயர் சொல்லி அழைத்தோர் மிகச் சிலரே. பெயர் சொல்லும் உரிமை கடிந்துரைக்கும் கடமையையும் உடன்கொண்டது. 1918-இல் போருக்குப் படைவீரர் திரட்டக் காந்தி முனைந்தபோது, அகிம்சைக்கு அது பொருந்தாது என்று வாதிட்டார். 1921-இல் அயல்நாட்டுத் துணிகள் எரிக்கப்பட்டபோது, ஏழைக்கு ஆடையாகக்கூடியதை நெருப்பிலிடுவது வன்முறையின் சாயல் உடையது என்று வருந்தி எழுதினார். காந்தி அக்கடிதத்தைத் தம் யங் இந்தியா இதழிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். இடித்துரைத்தவரின் துணிவைப் போற்றுவதா, அதனை அச்சிட்டவரின் பெருந்தன்மையைப் போற்றுவதா? 1924-இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தி டெல்லியில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தபோது, அருகிருந்து காத்தவரும் அந்நாள்களில் இதழைப் பார்த்துக்கொண்டவரும் ஆண்ட்ரூஸே. நோன்பு முடிந்த அன்று குர்ஆன் ஓதப்பட்டது. வைணவப் பாடல் ஒலித்தது. சிலுவையைப் பற்றிய கிறித்தவப் பாடல் ஒன்றை ஆண்ட்ரூஸ் பாடினார்.

இதற்கிடையில், பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் அவரை அழைத்தன. 1879 முதல் 1916 வரை அங்கே சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 60,000 பேர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள்கள் ஏற்றப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், லயன் எனப்பட்ட கொட்டடிகளில் வாழ்க்கை, நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள்சேர்ப்பு. நேட்டாலில் தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஒரு கூலியின் அடிபட்ட முதுகை ஆண்ட்ரூஸ் கண்டிருந்தார். பின்னொரு நாள் அந்த உருவமே அவர் மனக்கண்முன் தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிறிஸ்துவின் முகமாக மாறியது என்று அவர் எழுதியிருக்கிறார். நோய்வாய்ப்பட்டுத் தேறிய உடலோடு 1915-இல் பியர்சனுடன் பிஜி சென்றார். இருவரும் எழுதிய அறிக்கை 1916-இல் வெளியாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் மாளவியா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்ச் ஏற்றார். 1917-இல் ஆள்ஏற்றுமதி நின்றது. ஆண்ட்ரூஸ் அவ்வாண்டில் மீண்டும் பிஜி சென்றார். எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் நாள் இரத்தாயின.

அவ்வறிக்கையின் ஒரு பகுதி இன்று படிக்கும் பெண்ணுக்கு உறுத்தலாகவே இருக்கும். தோட்டங்களின் ஒழுக்கச் சீர்குலைவை விவரிக்கையில், அங்குள்ள பெண்களையே நெறிதவறியவர்களாகக் காட்டும் தொனி அதில் புகுந்துவிட்டது. வன்முறைக்கு ஆளானவள்மீதே பழியின் நிழல் விழுகிறது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் இதனைச் சுட்டிக் குறை கூறியுள்ளனர், அக்குறை நியாயமானதே. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய பாடலில் இந்தப் பழி இல்லை. அழுகை மட்டுமே உண்டு. நேரில் சென்று கண்டவர் தவறிய இடத்தில், செல்லாத கவிஞர் தவறவில்லை. எனினும் அவ்வறிக்கை எழுதப்படாதிருந்தால் அம்முறை இன்னும் எத்தனை ஆண்டு நீடித்திருக்குமோ என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப்பின் பஞ்சாபுக்குள் நுழைய முயன்ற அவரை அமிர்தசரசில் கைது செய்து திருப்பியனுப்பினர். தடை நீங்கியதும் அவ்வாண்டின் பிற்பகுதியில் மீண்டும் சென்று ஊர் ஊராக நடந்தார். கசையடி பட்ட சீக்கியர் ஒருவரின் பாதங்களைத் தொட்டுத் தம் இனத்தாரின் பொருட்டு மன்னிப்புக் கேட்டார். 1921-இல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தொழிலாளர் சாந்த்பூர் இரயில் நிலையத்தில் கூர்க்காப் படையினரால் தாக்கப்பட்டுக் காலராவுக்கும் ஆளானபோது, அந்நோயாளிகளிடையே பணிபுரிந்தார். காலராவே பேசிலைக் கொண்டுபோன நோய் என்பதை அவர் மறந்திருக்க முடியாது. 1927-இல் தென்னாப்பிரிக்க அரசோடு கேப்டவுன் உடன்பாடு உருவாக அடிப்படை வேலைகளைச் செய்தார். அதன்படி அங்கே இந்தியாவின் முதல் பிரதிநிதியாகச் சென்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். உழைத்தவர் ஒருவர், பதவியில் அமர்ந்தவர் மற்றொருவர் என்பது ஆண்ட்ரூஸின் வாழ்வில் புதிதன்று.

1931-இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியை, இந்தியாவின் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளரிடமே அவர் அழைத்துச் சென்றார். அவர்கள் காந்தியை அன்புடன் வரவேற்றனர். இருதரப்பு ஏழைகளும் ஒருவரையொருவர் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் கருத்து.

இருபுறமும் நண்பராக இருப்பவரை இருபுறமும் ஐயுறுவது உலக இயல்பு. ஆங்கிலேயர் அவரை இனத்துரோகி என்றனர். இந்தியருள் சிலர் ஆங்கில அரசின் ஒற்றர் என்றனர். தாகூரும் காந்தியும் கருத்து வேறுபட்டபோதெல்லாம் இருவரின் மனத்தாங்கலையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. 1914-இல் குருத்துவப் பணியிலிருந்து விலகிக்கொண்டவர் என்பதால் திருச்சபையிலும் அவர் நிலை ஐயத்துக்குரியதாயிற்று. ஆயினும் கிறிஸ்துவை அவர் ஒருநாளும் விட்டவர் அல்லர். அவர் பெயரின் மூன்று ஆங்கில முதலெழுத்துகளைக் கிறிஸ்துவின் மெய்யான அப்போஸ்தலர் என்று அன்பர்கள் விரித்துரைத்தனர். அவரிடம் குறைகளும் இருந்தன. எவரையும் எளிதில் நம்பிவிடுவார். ஒரு வேலை முடியுமுன் மற்றொரு நாட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். உடைமைகளை வழியில் மறந்துவிடுவார், அல்லது யாருக்கேனும் கொடுத்துவிடுவார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு நிலையான வீடு என ஒன்று இருந்ததில்லை. நண்பர்களின் வீடுகளே அவர் வீடுகள்.

ருத்ரா 1925-இல் மறைந்தார். 1915-இல் இந்தியா திரும்பியது முதல் காந்தி டெல்லியில் தங்கியது அந்த ருத்ராவின் இல்லத்தில்தான். கிலாபத் குறித்து வைசிராய்க்கு எழுதிய கடிதம் உருவானதும் அக்கூரையின்கீழ்தான். அரசு உதவி பெறும் கல்லூரியின் முதல்வருக்கு அது சிறு துணிவன்று. ஆண்ட்ரூஸ் 1906-இல் வேண்டாம் என்று விலக்கிய நாற்காலியில் அமர்ந்தவர் எத்தகையவர் என்பதற்கு இதுவே சான்று.

1940-இன் தொடக்கத்தில் கல்கத்தா மருத்துவமனையில் ஆண்ட்ரூஸ் நோயுற்றுக் கிடந்தார். காந்தி வந்து கண்டார். அறுவை சிகிச்சைகள் பயனளிக்கவில்லை. ஏப்ரல் 5 அன்று அவர் உயிர் பிரிந்தது. கல்கத்தாவின் லோயர் சர்குலர் சாலைக் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். சாந்திநிகேதனில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்ப ஐந்து இலட்சம் ரூபாய் வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. போர்க்காலம்; நிதி சேரவில்லை. 1942 மே மாதத்தில் காந்தி தாமே பம்பாய் சென்றார். அவருக்கு வயது 72. ஆங்கிலேயர் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று அவர் ஏற்கனவே எழுதத் தொடங்கிவிட்டார். ஆகஸ்டில் அந்த முழக்கம் நாடெங்கும் எழவிருந்தது. அந்த மே மாதத்தில், ஓர் ஆங்கிலேயரின் நினைவுக்காகப் பம்பாயில் ஒருவாரம் தங்கி, வந்தவரிடமெல்லாம் கையேந்தி, ஐந்து இலட்சத்தையும் திரட்டிக்கொண்டு திரும்பினார்.